வலையில் செத்த சாரை

போன சித்திரையில் என் தக்காளித் தோட்டத்து வேலியோரம் ஒரு சாரைப்பாம்பு செத்துக் கிடந்தது. யாரும் அடிக்கவில்லை. மயிலுக்காக நான் கட்டிய நைலான் வலையில் மாட்டி, நெளிய நெளியக் கண்ணி இறுகி, வெயிலில் கிடந்தே செத்திருக்கிறது. பூச்சிமருந்து தெளிப்பதில்லை, எலிமருந்து வைப்பதில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பெருமை பேசியவன் நான். அன்றைக்கு வாயடைத்துப் போனேன்.

எங்கள் ஓசூர்ப் பக்கம் இதற்கு மூன்று பெயர்: சாரை, கன்னடத்தில் கேரெ, தெலுங்கில் ஜெர்ரிபோத்து. பெயர் தெரிந்த அளவுக்கு அதன் வேலை நமக்குத் தெரியவில்லை. விஷம் கிடையாது. ஆறடிக்கு மேலும் வளரும். பகலில் இரை தேடும். எலி வளைக்குள்ளேயே புகுந்து குட்டிகளையும் தின்னும். பூனையால் ஆகாத வேலை அது. நாகத்தோடு இணையும் என்பது கட்டுக்கதை. பின்னிக்கொண்டு எழுந்து நிற்பவை, சண்டை போடும் இரண்டு ஆண் சாரைகள்தான்.

சிப்காட் வந்தது, மனைப்பிரிவுகள் வந்தன. புதரும் கற்குவியலும் போயின. எலிக்கு அதனால் நட்டமில்லை; குடோனும் குப்பைமேடும் போதும். சாரைக்கு மிச்சம் நம்ம வரப்புதான். அங்கேயும் வலை விரித்தால் எங்கேங்க போகும்?

"வலை இல்லேன்னா மயிலும் பன்றியும் விட்டு வைக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். வலையை எடுக்கச் சொல்லவில்லை. அடிவிளிம்பு தரையில் சுருண்டு கிடக்காமல் ஒரு சாண் உயர்த்தி, விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். காலை, மாலை ஒரு சுற்றுப் பாருங்கள். அறுவடை முடிந்த அன்றே சுருட்டி எடுத்து வையுங்கள். ஒரு வரப்பையாவது நொச்சி, ஆடாதொடையோடு புதராக விடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சாரை படமெடுக்காது, கண் பெரிது, உதட்டோரம் கறுப்புக் கோடுகள் இருக்கும். சந்தேகமாக இருந்தால் கிட்டப் போகாதீர்கள். வலையில் உயிரோடு மாட்டியிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இரவில் டார்ச்சும் பூட்சும் வேண்டும். எந்தப் பாம்பு கடித்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான்.

ஒரு காலத்தில் பெல்ட்டுக்கும் பைக்கும் தோலுரிக்கச் சாரையைக் கொன்றார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வியாபாரத்துக்குக் கடிவாளம் போட்டது. நம்ம தோட்டத்து வலையைச் சட்டம் வந்து தூக்கிக் கட்டாது. நான் என் வலையைத் தூக்கிக் கட்டிவிட்டேன். நீங்கள்?