பரணில் கிடக்கும் பொக்கிஷம்

பழைய தபால் தலைகளைச் சேகரிப்பவரை உலகம் ரஸிகர் என்று கொண்டாடுகிறது. பழைய கம்ப்யூட்டர்களின் மின்சார வரைபடங்களையும் குறிப்புப் புஸ்தகங்களையும் தேடி அலைகிறவரையோ, "இவருக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்கிறது. அவர் செய்வது அவசரமான வேலை என்பதே நம் அபிப்பிராயம்.

1975-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகை, 'ஆல்டேர் 8800' என்னும் யந்திரத்தை அட்டையில் வெளியிட்டது. விலை 400 டாலருக்கும் குறைவு. உதிரிப் பாகங்கள் தபாலில் வரும். அவற்றைப் பற்றவைத்துப் பூட்டிக் கொள்வது வாங்கியவர் பாடு. எழுத்துப் பலகையும் இல்லை, திரையும் இல்லை. முகப்பில் ஸ்விட்சுகளும் சிறு விளக்குகளுந்தான். கூட வந்த புஸ்தகத்தைப் படிக்காமல் அதை ஒரு கூட்டல் கணக்குப் போடச் செய்வதும் துர்லபம்.

அவ்வருஷம் மார்ச்சு 5-ந் தேதி, கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில், ஒரு வீட்டின் கார் கொட்டகையில் 'ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்' முதன்முதலாகக் கூடியது. அந்தச் சங்கத்தில்தான் ஸ்டீவ் வாஸ்னியாக், தாம் அமைத்த முதல் ஆப்பிள் யந்திரத்தின் வரைபடத்தைப் பிரதியெடுத்து இனாமாக வழங்கினார். 1978 ஜனவரியில் வந்த 'ஆப்பிள் II' கையேட்டிலும் வரைபடம் இருந்தது. யந்திரத்துக்குள் பொதிந்த ஆதாரப் புரோகிராமும் வரி வரியாக அச்சாகியிருந்தது.

இவை இன்று எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அக்காலத்து யந்திரங்கள் பலவற்றில் புரோகிராமைத் தாங்கும் 'ஈப்ராம்' சில்லுகளில் மின்னேற்றம் வருஷக் கணக்கில் மெல்லக் கசிகிறது. ஒரு நாள் யந்திரம் தன் பாடத்தை அடியோடு மறந்துவிடும். அச்சிட்ட பிரதி எங்கேனும் பிழைத்திருந்தால் மறுபடியும் கற்பித்துவிடலாம். இல்லையேல், கொலுவில் வைக்கத்தான் லாயக்கு.

காகிதமும் சிரஞ்சீவியல்ல, பழுப்பேறி ஒடிகிறது. அன்று இருபது வயது வாலிபராயிருந்தவர்கள் இன்று எழுபதை எட்டிவிட்டார்கள். அவர்களுக்குப் பின் பரணைக் காலி செய்யும் வாரிசுகளுக்கு எல்லாம் குப்பையாகவே தோன்றும்.

ஆகையால் சேகரிப்பவர் முந்திக்கொள்ள வேண்டும். ஆனால் கிடைத்ததைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால், அது குப்பைக்குப் போனதற்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. பிரதி எடுத்துப் பலருக்கும் கொடுத்துவிட்டு, மூலத்தை மௌண்டன் வியூவிலுள்ள கம்ப்யூட்டர் சரித்திரக் காட்சிசாலை போன்ற இடத்தில் சேர்ப்பிப்பதே உத்தமம். இனாமாகக் கை மாறிய காகிதம் இனாமாகவே மேலும் கை மாறுவதுதான் நியாயம்.