பிள்ளைகளை அழைத்து வரும்போது

மே மாதக் கடைசியில் தாதர் நிலையத்துக்கு வந்து சேரும் தென்னக ரயில்களில் இறங்குவோரைக் கவனித்தால் இரண்டு வகையினர் தென்படுவர். ஒரு வகையினர் விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்புகிறவர்கள். மற்றவர்கள், முதன்முறையாகக் குடும்பத்தோடு மும்பைக்கு வருகிறவர்கள். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி இன்னொன்று, தலையில் அரிசி மூட்டை என்று இறங்கி விழித்துக்கொண்டு நிற்பார்கள். கணவர் ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே வந்து, நாலு பேரோடு அறையில் தங்கி, டெபாசிட் பணம் சேர்த்து, ஒரு வீடு பிடித்த பிறகு மனைவி மக்களை வரவழைத்திருப்பார். தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் சயான் கோலிவாடாவிலும் பல குடும்பங்கள் இப்படித்தான் வேரூன்றின.

வீட்டுக்கும் கேஸ் இணைப்புக்கும் ஓடியாடி ஏற்பாடு செய்கிற தகப்பனார், பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மட்டும் ‘வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார். ஊர்ப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்காமலே ரயில் ஏறிவிடுகிறார்கள். இங்கே பள்ளிக்குப் போனால் அதைக் கேட்கிறார்கள். அதற்காக மறுபடியும் ஊர் போக லீவும் இல்லை, பணமும் இல்லை. அடுத்த வருடம் சேர்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். மூத்தது பெண்ணாக இருந்துவிட்டால், தாய் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவள் தலையில் விழுகிறது. ஒரு வருடம் என்று நின்ற படிப்பு, பிறகு தொடருவதே இல்லை.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. 1.4.2010 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும் அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் இடம் கேட்கலாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்ற காரணமும் செல்லாது. பள்ளியில் சேராமல் விடுபட்ட பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இவ்வளவு தெளிவாக இருந்தும் ‘டி.சி. கொண்டு வா’ என்று தாயை வாசலிலேயே திருப்பி அனுப்பும் தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள். இதை மாநகராட்சிக் கல்வித் துறை கண்டும் காணாமல் இருப்பது சரியல்ல. ஒரு சுற்றறிக்கை அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

சட்டம் பக்கபலமாக இருந்தாலும் காகிதம் கையில் இருப்பது நல்லது. பல பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இருப்பதில்லை. மருத்துவமனையில் பிறப்பைப் பதிந்ததோடு சரி, பெயரைச் சேர்க்க யாரும் போவதில்லை. ஊரை விட்டுக் கிளம்புமுன் அந்த வேலையை முடித்துவிட வேண்டும். 1.10.2023 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கு ஆதாரம் என்று இப்போது சட்டமே வந்துவிட்டது.

தடுப்பூசி அட்டையையும் மறக்கக்கூடாது. 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கோவண்டி உள்ளிட்ட பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் பலியானதை இந்நகரம் மறந்திருக்காது. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என்று போடவேண்டிய தட்டம்மை ஊசி, வீடு மாறும் சந்தடியில்தான் தவறிப்போகிறது. அட்டை தொலைந்திருந்தாலும் கவலையில்லை. மாநகராட்சி மருந்தகத்தில் போய்க் கேட்டால் இலவசமாகப் போடுவார்கள்.

ரேஷன் விஷயத்தில் ஒரு வசதி உண்டு. முன்னுரிமைக் குடும்ப அட்டையோ அந்தியோதயா அட்டையோ வைத்திருப்பவர்கள் இங்குள்ள கடையிலேயே கைரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். பெரியவர்கள் ஊரில் இருந்தால் ஒரு பகுதியை அங்கும் மீதியை இங்குமாக வாங்கிக்கொள்ளலாம். மற்ற அட்டைக்காரர்களுக்கு இது பொருந்தாது.

எந்த மொழியில் படிக்க வைப்பது என்பதுதான் பெற்றோரை அதிகம் குழப்புகிற கேள்வி. மும்பை மாநகராட்சி தமிழ் வழியிலும் பள்ளிகள் நடத்துகிறது. புதிதாக வந்த சிறு பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். எட்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன செய்வது என்பதைச் சேர்க்கிற நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வேறு பயிற்று மொழியைத் தேர்ந்தெடுப்போரையும் நாம் குறை சொல்ல மாட்டோம். எங்கே படித்தாலும் மராத்தி தேவை. இம்மாநிலத்தில் 2020 முதல் சட்டப்படி அது கட்டாயப் பாடம். ஆனால் வேலை போய், குடும்பம் ஊர் திரும்ப நேர்ந்தால், அங்கே 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயம். தமிழ் எழுதத் தெரியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளை அங்கே படும் பாட்டைத் திரும்பிப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இரவில் அரை மணி நேரம் வீட்டில் தமிழ் எழுதப் பழக்குவதற்கு டியூஷன் தேவையில்லை.

இங்குள்ள பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கின்றன. அந்த ஒரு வாரம் நமது தமிழ்ச் சங்கங்கள், மன்றங்கள் ஒவ்வொன்றும் தத்தம் பகுதி மாநகராட்சிப் பள்ளியருகே ஒரு மேசை போட்டு, மராத்தியில் மனு எழுதத் தெரிந்த இருவரை உட்கார வைக்கட்டும். புதிதாக வந்த தாயோடு தலைமையாசிரியர் அறை வரை ஒருவர் துணைக்குப் போகட்டும். பொங்கல் விழா மேடைக்கும் மைக் செட்டுக்கும் ஆகும் செலவில் ஒரு சிறு பங்குகூட இதற்கு ஆகாது.