காளான் செடியல்ல!

(முதுகலைத் தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

மழைக்காலத்தில் இடி இடித்த மறுநாள் காலையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு கரையான் புற்றுகளைத் தேடி ஓடுவார்கள். வெள்ளைக் குடை விரித்தாற்போல் அங்கே புற்றுக்காளான் முளைத்திருக்கும். "இடி இடித்தால் காளான் முளைக்கும்" என்று பாட்டி சொல்வார். அது எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. குழம்பு ருசியாக இருந்தால் போதும்!

கல்லூரிக்கு வந்த பின்னர்தான் விடை கிடைத்தது. கரையான்கள் புற்றினுள்ளே மென்று செரித்த சருகையும் மரத்தூளையும் கொண்டு அடை கட்டி, அதன்மேல் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. அந்தப் பூஞ்சைதான் மழைக்குப் பின் வெளியே குடை விரிக்கிறது. மனிதன் வேளாண்மை கற்றுச் சுமார் 10,000 ஆண்டுகள் ஆகின்றன. கரையானோ ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாகப் பயிர் செய்து வருகிறது!

சரி, இந்தக் காளான் செடியா, விலங்கா? லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இதைத் தாவரங்களோடு சேர்த்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கணக்கே நிலைத்தது. 1969இல் விட்டேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்துப் பூஞ்சைகளுக்குத் தனி இடம் தந்தார். 1993இல் பால்டாஃப், பாமர் ஆகிய இருவரும் புரதங்களின் அமைப்பை ஒப்பிட்டுப் பார்த்து, பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருக்கமானவை என்று காட்டினர். யோசித்தால் இதில் வியப்பில்லை. பூஞ்சைக்குப் பச்சையம் இல்லை. அதன் செல்சுவரில் இருப்பது நண்டு ஓட்டில் உள்ள அதே கைட்டின். அது சேமித்து வைப்பது நம் ஈரலில் உள்ளதைப் போன்ற கிளைக்கோஜன். உறவுமுறையில் சொன்னால், காளான் கத்தரிச் செடிக்குத் தூரத்துச் சொந்தம்; நமக்குப் பங்காளி!

பெயரிலும் வகையிலும் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். எல்லாம் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. "தாவரங்களும் விலங்குகளும்" என்று சொல்லியே பழகிவிட்டதால் மூன்றாவது ஒன்று நம் கண்ணில் படுவதேயில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் விலங்குகள் உள்ளன, செடிகளும் உள்ளன. ஒரு காளானின் பெயர்கூட இல்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் தாவரம், விலங்கு, நுண்ணுயிர் என்கிறது. குடையளவு விரியும் காளானை நுண்ணுயிர் என்று எப்படிச் சொல்வது?

இத்தனைக்கும் இது சிறு கூட்டமன்று. இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டம் 2023இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 25 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. பெயரிடப்பட்டவை 1,55,000 அளவே. நூற்றில் தொண்ணூறுக்கு மேல் இன்னும் பெயரில்லாமலே வாழ்கின்றன. பெயரில்லாமலே அழியவும் கூடும்.

அவை அழிந்தால் நமக்கென்ன? ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த 40 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவங்களில், அன்றைய செடிகளின் செல்களுக்குள்ளேயே பூஞ்சைகள் காணப்படுகின்றன. செடிகள் தண்ணீரை விட்டுத் தரையேறியபோதே பூஞ்சை துணைக்கு நின்றது. இன்றும் நிலத்தாவரங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் வேரோடு பூஞ்சை கூட்டு வாழ்கிறது. வேர் எட்டாத இடத்திலிருந்து அது பாஸ்பரசைக் கொண்டுவந்து தருகிறது. செடி சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்கிறது. மடிந்த மரத்திலுள்ள லிக்னினை முழுமையாகச் சிதைக்க வல்லவையும் முதன்மையாகப் பூஞ்சைகளே. அவை இல்லையேல் காடு தன் பிணத்தின்மேல் தானே குவிந்து கிடக்கும். ஆயினும் 2025இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வேர்ப்பூஞ்சைகள் செறிந்த இடங்களில் பத்தில் ஒரு பங்குகூடப் பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் இல்லை. மரத்துக்கு வேலி கட்டுகிறோம். வேரின் தோழனை மறந்துவிடுகிறோம்.

"பூஞ்சை என்றாலே நோய்தானே? அதைக் காப்பாற்றவும் வேண்டுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய காப்பித் துரு நோய் சில பத்தாண்டுகளில் அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களை அழித்தது. அங்கே தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் குடும்பங்களின் வாழ்வும் அதனோடு மாறியது. ஆனால் அந்தப் பூஞ்சையை ஆராய மார்ஷல் வார்டு அனுப்பப்பட்டது 1880இல், வெள்ளம் தலைக்குமேல் போன பின்பு! நம் காலத்திலும் அதே கதைதான். உலகெங்கும் தவளைகளைக் கொன்ற ஒரு பூஞ்சைக்கு, அவை மடியத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழிந்து 1999இல்தான் பெயரே சூட்டப்பட்டது. அதனால் 501 இனங்கள் நலிந்தன என்றும், அவற்றுள் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்றும் 2019இல் கணக்கிட்டனர். அறியாமையே இங்கு முதல் நோய். பென்சிலினையும், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்கச் செய்யும் சைக்ளோஸ்போரினையும் தந்ததும் இதே குலந்தான் என்பதை நண்பருக்கு நினைவூட்டினேன்.

சிலி நாடு 2010இல் திருத்திய சுற்றுச்சூழல் சட்டத்தில் பூஞ்சைகளையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சிலியால் முடிந்தது நம்மால் முடியாதா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி.வி. சுப்பிரமணியன் இந்தியப் பூஞ்சைகளைப் பற்றி 1971இலேயே பெருநூல் எழுதிய மண் இது. அறிவு நம்மிடம் இல்லாமலில்லை. சட்டத்தில் ஒரு சொல்லும் நம் மனத்தில் ஓர் இடமுமே வேண்டியிருக்கின்றன.

சட்டம் திருந்தும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மழைக்கும் நம் கல்லூரி வளாகத்து வேம்படியிலும் புல்தரையிலும் முளைக்கும் காளான்களைப் படம் எடுத்து, நாளும் இடமும் குறித்து, துறையில் ஒரு பதிவேடு தொடங்கலாம். ஊர்தோறும் எழுதப்படும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் ஒரு பக்கம் கேட்டு வாங்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இனம் தெரியாத காளானைத் தின்று பார்ப்பது ஆராய்ச்சியன்று, ஆபத்து!

அடுத்த மழைக்கு ஊருக்குப் போகும்போது நானும் கூடை எடுத்துச் செல்வேன். இம்முறை கையில் ஒரு குறிப்பேடும் இருக்கும்.