அழுகைக்கு மன்னிப்பு எதற்கு?

குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்தில் என்பார்கள் நம் பெரியோர். அவர்கள் காலத்தில் விமானப் பயணம் இல்லை. 30,000 அடி உயரத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழத் தொடங்கினால், கொண்டாட அங்கே யாரும் இருப்பதில்லை. முறைப்பவர்களே அதிகம். அந்த முறைப்பைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

சென்ற பருவ விடுமுறையில் அக்காவுக்குத் துணையாகக் கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலுவுக்குச் சென்றேன். அத்தான் சபாவில் ஆசிரியர். எட்டு மாதக் குழந்தையுடன் தனியே பறக்க அக்காவுக்குப் பயம். புறப்படுவதற்கு முந்தைய இரவு, உறங்காமல் சமையலறை மேசையில் இருபது சிறு பைகளை அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் நான்கு மிட்டாய், ஒரு சோடி காதடைப்பான், ஒரு துண்டுச் சீட்டு. "என் குழந்தை அழுதால் தயவுசெய்து மன்னியுங்கள்" என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்.

இது அக்காவின் சொந்த யோசனை அன்று. 2019இல் சியோலிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பறந்த ஒரு கொரியத் தாய், தம் நான்கு மாதக் குழந்தைக்காக இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகளுக்கு இப்படிப் பைகள் வழங்கினார். உலகமே அவரைப் பாராட்டியது. அன்று நானும் பாராட்டினேன். அக்காவின் மேசையைப் பார்த்த பிறகுதான் உறுத்தியது. அழாத குழந்தைக்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு ஒரு தாயைத் தள்ளியது யார்?

பயணம் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். தரையிறங்கும் வேளை வரை குழந்தை உறங்கினாள். விமானம் இறங்கத் தொடங்கியதும் அழுகை வெடித்தது. முன்வரிசையில் அமர்ந்து எங்கள் மிட்டாயைச் சுவைத்த ஒருவர், பணிப்பெண்ணை அழைக்கும் பொத்தானை அழுத்தினார். இருக்கை வார் விளக்கு எரிவதால் இடம் மாற முடியாது என்றார் பணிப்பெண். உடனே அவர், "கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கக் கூடாதா?" என்று எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார். தமிழில்தான் சொன்னார். அக்கா குனிந்துகொண்டார். குழந்தையின் கன்னத்தில் விழுந்தது அக்காவின் கண்ணீரும்தான்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த மனிதரின் முகத்தில் என் முகமும் தெரிந்தது. முதலாம் ஆண்டில், பின்வரிசைக் குழந்தை அழுததற்காக மூன்று முறை திரும்பிப் பார்த்து முறைத்தவன் நான்.

குழந்தை ஏன் அழுகிறது என்று அன்று நான் யோசிக்கவில்லை. பறக்கும்போது விமானத்தினுள் இருக்கும் காற்றழுத்தம், ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். இறங்கும்போது அந்த அழுத்தம் கூடுகிறது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழல் திறந்தால்தான் செவியின் இருபுறமும் அழுத்தம் சமமாகும். நாம் எச்சில் விழுங்குகிறோம், கொட்டாவி விடுகிறோம். குழந்தைக்கு அது தெரியாது. அதன் குழலும் நம்முடையதைவிடக் குறுகலானது. செவி வலிக்கிறது, அழுகிறது. அது அடமுமன்று, வளர்ப்புக் குறையுமன்று. வலி.

அமைதியை விரும்புவது தவறா? இல்லை. 2012இல் மலேசிய ஏர்லைன்ஸ் தன் ஏ380 விமானத்தின் மேல்தளச் சிக்கன வகுப்பில் 12 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதில்லை என்றது. 2013இல் ஏர் ஆசியா எக்ஸ், ஸ்கூட் ஆகியவையும் சிறுவர் இல்லாத அமைதிப் பகுதிகளை அறிமுகப்படுத்தின. தேவைப்படுவோர் அதற்கென ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும்; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மற்ற இருக்கைகளில் நாம் காசு கொடுத்து வாங்குவது ஓர் இடத்தை, மௌனத்தை அல்ல. தீபகற்பத்திலிருந்து சபாவுக்குப் பேருந்தில் போக முடியாது. குடும்பம் சேர வேண்டுமானால் குழந்தையும் பறந்துதான் ஆக வேண்டும்.

பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் பாலூட்டுவது, மாற்றுடை வைத்திருப்பது, நடக்கத் தெரிந்த பிள்ளை முன்னிருக்கையை உதைத்தால் தடுப்பது ஆகியவை அவர்கள் கடமை. முயலாத பெற்றோரிடம் பணிவாகச் சொல்லலாம். முயன்றும் முடியாத தாயிடம் சொல்ல என்ன இருக்கிறது?

அன்று எங்களுக்கு உதவியவர் எதிர்ப்புறம் அமர்ந்திருந்த ஒரு மலாய் அம்மையார். அறிவுரை எதுவும் கூறவில்லை. பதற்றத்தில் உருண்டோடிய பால் புட்டியைக் காலால் தடுத்து எடுத்து, ரப்பரைத் தம் தண்ணீரால் கழுவிக் கொடுத்தார். குழந்தை குடித்தாள். சக்கரம் தரையைத் தொடும்போது விக்கல் மட்டுமே மிச்சம் இருந்தது. சக பயணி செய்யக்கூடியது அவ்வளவுதான். அதுவும் இயலாவிட்டால், திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். அதுவே பெரிய உதவி.

தம் மக்களின் மழலையைக் கேளாதவர்தாம் குழலையும் யாழையும் இனிது என்பர் என்றார் வள்ளுவர். மேடைதோறும் அதைச் சொல்கிறோம். அவர் பேசியது நம் பிள்ளையின் மழலையை. அதை இரசிக்கப் பண்பு எதுவும் தேவையில்லை, பாசம் போதும். பிறர் பிள்ளையின் அழுகையைப் பொறுப்பதில்தான் நம் பண்பு தெரிகிறது.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பும்போது, பைகள் வேண்டாம் என்று அக்காவிடம் மன்றாடினேன். கேட்கவில்லை, மீண்டும் இருபது பைகள் கட்டினார். நண்பர்களே, அடுத்த பயணத்தில் ஓர் இளம் தாய் உங்களிடம் அப்படி ஒரு பையை நீட்டினால் மிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னிப்புச் சீட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.