கடைகண்ணி சுற்றுவதற்கும் கூலி உண்டு

"உனக்குத்தான் கடைகண்ணிக்குப் போறதுன்னா கொள்ளை ஆசையாச்சே, போறப்ப எனக்கும் ரெண்டு பார்த்து எடுத்துடேன்." கொல்கத்தாவின் பெஹாலாவுக்குக் குடிவந்த வருஷத்திலிருந்து, ஆவணி பிறந்தால் இந்தப் பேச்சு என் போனில் வந்துவிடும். கேட்பவர்கள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கும் சொந்தக்காரர்கள். கேட்பது வங்கத்துக் கைத்தறிப் புடவை. எங்கள் மாடி வீட்டு பௌதியிடமும் (வங்காளியில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இதையேதான் சொல்கிறார்கள். அவரோ பிறருக்குப் பொருள் பார்த்து வாங்கித் தருவதைப் பிழைப்பாகவே தொடங்கியிருக்கிறார். பெருநகரங்களில் 'பர்சனல் ஷாப்பர்' என்கிறார்கள். நம் வீடுகளில் இதற்கு இன்னும் ஒரு பெயர்கூட இல்லை, ஏனென்றால் இதை வேலை என்றே யாரும் நினைக்கவில்லை.

கடை சுற்றும் ஆசை இருந்தால் போதும், யாரும் இதைச் செய்யலாம் என்று நம்புகிறோம். ஆசைக்குச் செய்வதற்குக் கூலி கேட்பது அழகில்லை என்றும் நம்புகிறோம். பிழைப்பு நடக்க வேண்டுமானால் கடைக்காரர் ஏதாவது கொடுப்பாரே, அதை வாங்கிக்கொள்ளட்டும் என்கிறோம். இதில் முதல் பேச்சு அறியாமை. கடைசிப் பேச்சு, நேர்மையாக இந்தத் தொழிலுக்கு வருகிறவரைத் திருட்டுக்குத் தள்ளுவது.

அந்த ஆசையோடு ஒரு நாள் பௌதியுடன் போய்ப் பார்க்க வேண்டும். பெஹாலா சௌராஸ்தாவில் மெட்ரோ ஏறி மாஜேர்ஹாட், அங்கிருந்து ரயிலில் சியால்டா, மறுபடி சாந்திபூர் லோக்கலில் ஃபூலியா. மெட்ரோ வருவதற்கு முன், 2018 செப்டம்பரில் மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்த பிறகு, பெஹாலாவை விட்டு வெளியே போவதே பெரும்பாடாக இருந்தது. இன்றும் ஃபூலியாவுக்குப் போய்ச் சேரவே அரைநாள் கழிந்துவிடுகிறது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்து டாங்காயிலிலிருந்து வந்த நெசவாளர்கள் குடியேறிய ஊர் அது. அவர்கள் நெய்யும் புடவைக்கு நெல்பொரிக் கஞ்சி போடுவார்கள். கஞ்சி ஏறிய புடவை மொடமொடவென்று நிற்கும்; கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். ஒரு தண்ணீர் கண்ட பிறகுதான் எது நெருக்கமான நெசவு, எது சல்லடை என்று புரியும். அதை நனைப்பதற்கு முன்பே விரல் நுனியில் தெரிந்துகொள்வதற்குத்தான் பௌதிக்கு ஆறேழு வருஷம் ஆகியிருக்கிறது.

அவர் புடவையை முதலில் பின்பக்கம்தான் திருப்புவார். ஜாம்தானி நெசவில் ஒவ்வொரு பூவும் கையால் தனித்தனியாகக் கோத்த நூல். பூவின் விளிம்பிலேயே நூல் திரும்பிவிடும். விசைத்தறியில் வந்த போலியில் பூவுக்குப் பூ நூலை வெட்டிய பிசிறு நிற்கும். பட்டு என்றால் ஓர் இழையை உருவிக் கொளுத்துவார். முடி கருகும் நாற்றம் வந்து சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி மணியாக உருண்டால் பாலியெஸ்டர். கடைக்குள் டியூப் லைட்டின் கீழே நிறத்தை முடிவு செய்யமாட்டார். வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் பிரித்து, அப்புறம்தான் வீடியோ கால் போடுவார். மடிசாருக்கு ஒன்பது கெஜம் கேட்டவருக்கு இங்கே ஐந்தரை மீட்டரில் நெய்ததைக் கட்டிவிட முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எந்தச் சந்தையில் ஒற்றை உருப்படி தருவார்கள், எங்கே கட்டாக எடுத்தால்தான் பேசுவார்கள் என்பது தனிப் படிப்பு. பக்கத்திலேயே இருக்கும் மெட்டியாபுருஸ் ஆயத்த ஆடைச் சந்தைக்குப் போய் ஒரு குழந்தைக்கு ஒரு சட்டை கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

இதையெல்லாம் பொழுதுபோக்கு என்கிறவர்கள், பொழுதுபோக்குக்காகவே ஒரு முறை செய்து பார்க்கட்டும்.

இனி என் கதை. சில வருஷங்களுக்கு முன் பெரியம்மாவுக்காக கரியாஹாட்டில் ஒரு கடையில் மூன்று புடவை எடுத்தேன். பில் போட்டு முடித்ததும் கடைக்காரர் மடித்த நானூறு ரூபாயை என் கையில் வைத்தார். "தீதி, ரிக்‌ஷாவுக்கு" என்றார். வாங்கிக்கொண்டேன். அன்று முழுக்க அலைந்திருந்தேன், அது நியாயம் என்றே பட்டது. இரவு பெரியம்மாவுக்குக் கணக்கு எழுதும்போதுதான் உறைத்தது. கடைக்காரர் தன் வீட்டிலிருந்து எனக்குப் பணம் தரவில்லை. அந்த நானூறு மூன்று புடவைகளின் விலைக்குள் இருந்தது. கொடுத்தது பெரியம்மா, கொடுத்தது அவருக்குத்தான் தெரியாது. அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

காஞ்சிபுரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் "நல்ல கடை காட்டறேன் வாங்க" என்று அழைக்கும் தரகரை நமக்கெல்லாம் தெரியும். அவருக்குக் கடை கொடுப்பது நம் பணம் என்பதும் தெரியும். அவரைத் திட்டுகிறோம். வீட்டுக்குத் தெரிந்த ஒரு பெண் நமக்காகக் கடை ஏறினால் மட்டும் கூலி தரமாட்டோம் என்கிறோம். பிறகு அவரும் அந்தத் தரகர் போகிற வழியில்தானே போக முடியும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒருவர் 6,000 ரூபாய்க்கு இரண்டு புடவை கேட்கிறார். கடை தருவது நூற்றுக்குப் பத்து என்றால் 600 ரூபாய். போக்குவரத்தும் சாப்பாடும் 200. பத்து மணி நேர அலைச்சலுக்கு மிச்சம் 400. வாங்கியவர் நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால் கூரியர் செலவில் அதுவும் போயிற்று. பிழைக்க ஒரே வழி, 6,000 ரூபாய் கேட்டவரை 10,000 ரூபாய்ப் புடவைக்கு நகர்த்துவது. ஆகவே கமிஷனில் பிழைப்பவரால் "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லவே முடியாது. வாங்குபவரிடமே சதவீதக் கணக்கில் கேட்டாலும் இதே கோணல்தான். ஒரு நாளைக்கு அல்லது ஒரு வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லும் கட்டணம்தான் நேரானது. நியூயார்க்கின் பெர்க்டார்ஃப் குட்மேன் கடையில் 1976 முதல் இந்த வேலையைச் செய்த பெட்டி ஹால்பிரெய்ச், பொருந்தாததைப் பொருந்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கே பேர்போனவர். விலைக்குக் கொள்ள வேண்டியது அந்த 'வேண்டாம்' என்ற சொல்லைத்தான்.

சட்டமும் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் சார்பில் காரியம் செய்பவர், அதை ஒப்படைத்தவர் கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். ஒப்படைத்தவருக்குத் தெரியாமல் அதே காரியத்தில் தனக்கென்று வியாபாரம் நடத்தினால், அந்த லாபத்தை ஒப்படைத்தவர் கேட்டு வாங்கலாம். பௌதி சேவைக் கட்டணம் மட்டும் வாங்கினால் வருஷத்துக்கு 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. புடவையைத் தன் சரக்காக விலை ஏற்றி விற்றுச் சென்னைக்கு அனுப்பினால், பொதுவாக முதல் புடவையிலேயே பதிவு வேண்டும். தொழில் தொடங்குகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. "இன்ஸ்டாகிராமில் பக்கம் திற, போட்டோ போடு" என்பதோடு அறிவுரை முடிந்துவிடுகிறது.

அலைச்சலையே தொழிலாக்கிய கம்பெனியும் உண்டு. பெங்களூரின் டன்சோ, எந்தக் கடையிலிருந்தும் எதையும் வாங்கி வந்து தருவோம் என்று வாட்ஸ்அப்பில் தொடங்கியது. கூகுள் 2017லும் ரிலையன்ஸ் 2022லும் பணம் போட்டன. இடையிலேயே அது தன் கிடங்கில் அடுக்கிய மளிகையை விற்கும் கம்பெனியாக மாறியிருந்தது. 2025 தொடக்கத்தில் செயலியே நின்றுபோயிற்று. அதன் வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அலைச்சலுக்கு உரிய விலையை நாம் கொடுக்காத வரையில், அலைபவர் சரக்கு விற்கப் போவார் என்பதை அதில் நான் காண்கிறேன்.

"சொந்தத்துக்குள் காசு பேசினால் உறவு கெடும்" என்பார்கள். பெரியம்மாவிடம் நான் இன்றும் காசு வாங்குவதில்லை, அது என் இஷ்டம். பௌதிக்கு அந்த இஷ்டம் கட்டுப்படியாகாது. அவர் வீட்டில் அரிசி வாங்க வேண்டும். போன வருஷம் துர்கா பூஜைக்கு முன் அவர் ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் அனுப்பினார்: ஒரு நாள் கட்டணம் இவ்வளவு, போக்குவரத்து தனி, கடை பில் அப்படியே வரும். வழக்கமாகக் கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலே போடவில்லை. என் சித்தி மகளும் அதில் ஒருத்தி. அவளோடு எனக்கு நல்ல சண்டை நடந்தது.

பதில் போட்டவர்களுக்காக பௌதி கரியாஹாட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். பில் முடிந்ததும், வழக்கம்போல ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள் அவர் பக்கம் நகர்ந்தது. அவர் அதைத் தொடவில்லை. "பில் தேக்கே பாத் தியே தின்" என்றார். பில்லில் கழித்துவிடுங்கள். கடைக்காரர் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தார்; பிறகு பில் புத்தகத்தைத் திரும்ப எடுத்தார்.