கூலி இல்லை, கும்பிடு மட்டும் வேண்டுமாம்!

இரண்டாண்டுக் காலம் ஒருவர் உழைத்தார். கம்பெனியிடம் அவர் கூலி கேட்கவில்லை. கொடுக்கிறோம் என்று கம்பெனி சொல்லவுமில்லை. தாம் கண்டு மகிழ விரும்பியதைத் தம்மைப் போன்ற பல்லாயிரவரும் கண்டு மகிழட்டும் என்பதற்காகவே உழைத்தார். வேலை முடிந்தது. வெளியிடும் நாளும் குறித்தாயிற்று: 2021 செப்டம்பர் 13. இன்னும் ஒரு வாரந்தான் பாக்கி. அப்போது வந்து சேர்ந்தது கம்பெனியின் ஓலை. நிறுத்து, வெளியிடாதே என்று!

ஓலை விடுத்தவர்கள் யார்? இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரிலே வீற்றிருக்கும் ஜாகெக்ஸ் என்ற கணினி ஆட்டக் கம்பெனியார். உழைத்தவர் செய்த குற்றம் என்ன? கன்னம் வைத்தாரா? கணக்கை மாற்றினாரா? இல்லை, தோழர்களே, இல்லை! அந்தக் கம்பெனியின் ஆட்டத்தை அவர் அழகாக்கினார். அதுதான் குற்றம்!

"ஆலையிலே ஆள்குறைப்பு, அங்காடியிலே விலையேற்றம், இந்த வேளையில் விளையாட்டைப் பற்றி எழுத வந்துவிட்டாயே" என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால், பேச வந்தது பொழுதுபோக்கைப் பற்றியல்ல, உழைப்பைப் பற்றி. ஒருவன் உழைப்பு இன்னொருவன் கருவூலத்தை நிரப்பும்போது, உழைத்தவனுக்கு என்ன உரிமை என்ற பழைய கேள்வி, புதிய சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. இரும்புப் பட்டறையில் நின்றாலும், இணையத்தில் நின்றாலும், கேள்வி ஒன்றுதான்.

கதையை முதலிலிருந்தே சொல்லுகிறேன்.

ரூன்ஸ்கேப் என்று ஓர் ஆட்டம். 2001 ஜனவரியில் பிறந்தது. உலகின் பல மூலைகளிலே இருப்பவர்கள் தத்தம் கணினியின் முன் அமர்ந்து, இணையத்தின் வழியே ஒரே கற்பனை நாட்டுக்குள் நுழைகிறார்கள். மரம் வெட்டுவார்கள், மீன் பிடிப்பார்கள், இரும்பு உருக்குவார்கள், அரக்கரோடு போரிடுவார்கள், வாங்குவார்கள், விற்பார்கள். முழு நாட்டையும் சுற்றிப் பார்க்க மாதச் சந்தா கட்ட வேண்டும். அந்தச் சந்தாதான் கம்பெனியின் உயிர்நாடி.

ஆண்டுகள் ஓடின. கம்பெனி ஆட்டத்தை மாற்றிக்கொண்டே போயிற்று. பழைய ஆட்டக்காரர்கள் மனம் புழுங்கினார்கள். எங்கள் பழைய ஆட்டத்தைத் திருப்பித் தாருங்கள் என்றார்கள். 2013இல் கம்பெனி ஒரு வாக்கெடுப்பு நடத்திற்று. ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர் வாக்களித்தார்கள். 2007ஆம் ஆண்டுப் பிரதியைத் தூசு தட்டி எடுத்து, ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற பெயரில் திறந்துவிட்டார்கள். அதுமட்டுமா? இனி இந்த ஆட்டத்தில் புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் ஆட்டக்காரர்களிடம் வாக்குக் கேட்போம், நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் இசைந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். பின்னர், 2022இல், அந்த அளவை எழுபதாகக் குறைத்தார்கள். அது வேறு கதை. மக்களிடம் வாக்குக் கேட்கும் கம்பெனி என்று பெயர் வாங்கினார்கள். நல்ல பெயர்தான். நாமும் பாராட்டுவோம்.

ஆனால், பழைய ஆட்டம் பழைய ஆட்டந்தானே! படம் மங்கல், வசதிகள் குறைவு. அந்தக் குறையை நீக்க வந்தவர்கள் யார்? கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்களா? இல்லை! ஆட்டக்காரர்களுக்குள்ளேயே மென்பொருள் எழுதத் தெரிந்த சிலர் கூடினார்கள். ரூன்லைட் என்றொரு கருவியைச் செய்தார்கள். ஆட்டத்துக்குள் நுழையும் வாசல் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கட்டிய வாசல் குறுகல். குனிந்து போக வேண்டும். தொண்டர்கள் கட்டிய வாசல் அகலம், அதிலே விளக்கும் உண்டு. தரையில் கிடக்கும் பொருளின் விலை என்ன, எந்தத் தொழிலில் எவ்வளவு தேர்ச்சி பெற்றாய், எந்த இடத்தில் கால் வைக்க வேண்டும் என்றெல்லாம் அடையாளம் காட்டும். விலை? ஒரு காசும் இல்லை. அதன் நிரலை எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம் என்று திறந்தும் வைத்தார்கள்.

நாளடைவில் கணினியில் இந்த ஆட்டம் ஆடுவோரிலே பெருந்தொகையினர் ரூன்லைட் வாசலைத்தான் நாடினார்கள். சந்தா கம்பெனிக்கு, சேவை தொண்டருடையது. கடை முதலாளியுடையது, கடைக்குப் பாதை போட்டவன் வழிப்போக்கன். முதலாளி என்ன செய்திருக்க வேண்டும்? வழிப்போக்கனை அழைத்து ஒரு குவளை மோராவது கொடுத்திருக்க வேண்டாமா?

2018ஆம் ஆண்டு மே மாதம் வந்தது மோர் அல்ல, வழக்கறிஞர் மிரட்டல்! கருவியை மூடு என்றார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே கம்பெனி இறங்கி வந்து பேசிற்று. ஆட்டத்தின் உள்கட்டு அம்பலமாகக்கூடிய ஒரு பகுதியை மட்டும் மூடி வைப்பது, மற்றபடி கருவி தொடர்வது என்று உடன்பாடு ஆயிற்று. சரி, பாடம் கற்றுக்கொண்டார்கள் என்று எல்லோரும் எண்ணினார்கள்.

மூன்றாண்டு கழிந்தது. இந்த ரூன்லைட்டோடு சேர்த்து ஓடக்கூடிய ஒரு துணைக்கருவியை ஓர் ஆட்டக்காரர் உருவாக்கினார். 117 எச்.டி. என்பது அதன் பெயர். மங்கிக் கிடந்த அந்தக் கற்பனை நாட்டுக்கு ஒளி வந்தது, நிழல் வந்தது, நீரிலே பளபளப்பு வந்தது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரண்டாண்டு உழைப்பு இதுதான். ஒரு வாரம் இருக்கையிலே வந்த ஓலையும் இதற்குத்தான். கம்பெனி சொன்ன காரணம்: நாங்களே அதுபோன்ற ஒன்றைச் செய்யத் தொடங்கியிருக்கிறோம் என்பது. தொடங்கியிருக்கிறார்கள்! அவர் முடித்துவிட்டார், இவர்கள் தொடங்கியிருக்கிறார்கள்! தொடங்கியவனுக்காக முடித்தவன் ஒதுங்க வேண்டுமாம். என்ன நியாயம் இது?

ஒரு புதுப் பொருளைச் சேர்ப்பதற்கு நூற்றுக்கு எழுபத்தைந்து பேரின் வாக்குக் கேட்ட கம்பெனி, ஒரு மனிதரின் இரண்டாண்டு உழைப்பைக் குப்பையில் போடுவதற்கு எத்தனை பேரின் வாக்கைக் கேட்டது? ஒருவரையும் கேட்கவில்லை. தன் ஆதாயத்துக்கு ஜனநாயகம், பிறர் உழைப்புக்கு ஆணை! இதைத்தான் நாம் சுட்டிக்காட்டுகிறோம்.

என்ன நடந்தது பிறகு? ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்குள்ளேயே கூடினார்கள். கற்பனை நாட்டின் வீதியிலே கண்டனக் கூட்டம்! சந்தாவை நிறுத்துகிறோம் என்று முழங்கினார்கள், நிறுத்தியும் காட்டினார்கள். ஏசலுக்கு அசையாத நிர்வாகம் சந்தா என்றதும் அசைந்தது. ஒரு வாரத்துக்குள் பேச்சு நடந்தது. ஆட்டத்தின் தோற்றத்தோடு ஒத்துப்போகும்படி கம்பெனியோடு கலந்து வேலை செய்வது என்ற ஏற்பாட்டின் பேரில், குறித்த அதே செப்டம்பர் 13 அன்று 117 எச்.டி. வெளிவந்தது. வென்றது யார்? தனி மனிதர் அல்ல. கூடி நின்ற கூட்டம்.

எதிர்த் தரப்பையும் பார்ப்போம். கம்பெனிக்கும் நியாயமான அச்சம் உண்டு. உள்ளே நுழையும் வாசலை எவன் வேண்டுமானாலும் கட்டலாம் என்றால், கள்ள வாசலும் கட்டுவான். ஆட்டத்தைத் தானே ஆடிக்கொள்ளும் எந்திரத்தை ஏவிவிட்டு, பொன்னைக் குவித்து, வெளியிலே காசுக்கு விற்கும் கூட்டம் உண்டு. நேர்மையாக ஆடுபவன் ஏமாறுகிறான். அதைத் தடுப்பது கம்பெனியின் கடமை. 2022இல் இன்னின்ன வாசல்களுக்குத்தான் இசைவு என்று ஜாகெக்ஸ் பட்டியல் போட்டது. ரூன்லைட் அதிலே இடம் பெற்றது. இதை நாம் குறை சொல்லவில்லை. எது கூடும், எது கூடாது என்று எழுதி வைப்பதைத்தான் நாமும் கேட்கிறோம். களையைப் பிடுங்கு, வேண்டாம் என்று யார் சொன்னார்? களை பிடுங்குகிறேன் என்று கதிரை அறுக்காதே என்கிறோம்!

இது ஒரு கம்பெனியின் கதை மட்டுமல்ல. அமெரிக்காவைப் பாருங்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆட்டத்தை நடத்தும் பிளிசார்டு கம்பெனி, 2009 மார்ச்சில் சட்டம் போட்டது: துணைக்கருவி செய்கிறவன் அதை விலைக்கு விற்கக் கூடாது, ஆட்டத்துக்குள்ளே நன்கொடையும் கேட்கக் கூடாது, நிரலை மறைக்கவும் கூடாது. ஆட்டக்காரனைக் கொள்ளையடிக்காதே என்பதற்கு அது காவல்தான். ஆனால், அதே ஆண்டு முடிவதற்குள் என்ன கண்டோம்? பணியை முடிக்க எங்கே போக வேண்டும் என்று வரைபடத்தில் காட்டும் வசதியைத் தொண்டர்கள் முன்பே செய்து பரப்பியிருந்தார்கள். அதே வசதியைக் கம்பெனி தன் ஆட்டத்திலேயே அமைத்துக்கொண்டது. ஆட்டக்காரனுக்கு அது நன்மை, ஐயமில்லை. வழிகாட்டியவனுக்கு? வாழ்த்துக்கூட உறுதியில்லை!

2025இல் அதே கம்பெனி, போரின் நடுவே யோசனை சொல்லும் துணைக்கருவிகளுக்குக் கடிவாளம் போடப்போவதாக அறிவித்தது. கருவி இல்லாதவன் ஆட முடியாத நிலை வரக் கூடாது என்றது. அது ஒரு வாதம், எடுத்தெறிந்துவிட முடியாது. ஆனால், ஆண்டுக்கணக்கில் ஆட்டத்துக்குத் துணை நின்ற வீக்ஆராஸ் குழுவினர், புதிய விரிவாக்கத்துக்கு எங்கள் கருவி வராது என்று சொல்லி ஒதுங்க நேர்ந்தது. கேள்வி இதுதான்: கதவை மூடும் உரிமை ஒருவர் கையில், கதவைச் செதுக்கும் வேலை இன்னொருவர் தலையிலா?

காசு கொடுக்க முன்வந்த கதையும் ஒன்று உண்டு. 2015 ஏப்ரலில், ஸ்கைரிம் ஆட்டத்துக்கு ஆட்டக்காரர்கள் செய்யும் மாற்றங்களை விலைக்கு விற்கலாம் என்று வால்வ், பெதஸ்டா என்ற இரு கம்பெனிகளும் சேர்ந்து கடை விரித்தன. பங்கு என்ன தெரியுமா? நூறு காசு விற்றால், செய்தவனுக்கு இருபத்தைந்து. கம்பெனிகள் இரண்டுக்கும் எழுபத்தைந்து! வாரச்சந்தையிலே தரகு பார்ப்பவன்கூட இவ்வளவு கேட்கத் தயங்குவான். இதுவரை இலவசமாகப் பெற்றதற்கு விலையா என்று ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம் சீறினார்கள்; செய்பவனுக்குக் கால் பங்குதானா என்ற கேள்வி மறுபக்கம். நான்கே நாளில் கடையைக் கட்டினார்கள்.

2017 ஜூனில் டேக்-டூ கம்பெனி, ஏறத்தாழப் பத்தாண்டாக வளர்ந்த ஓபன்ஐவி என்ற கருவியை நிறுத்தச் சொல்லி ஓலை அனுப்பிற்று. கண்டனம் கிளம்பியது, அந்த மாதமே ஓலை வலுவிழந்தது, கருவி மீண்டது. 2017, 2018, 2021: மூன்று ஓலைகள், மூன்று பின்வாங்கல்கள்! முதலில் அடி, பிறகு ஆலோசனை. இதுதான் இந்தக் கம்பெனிகளின் வழக்கமா? ஆலோசனையை முதலில் வைத்துக்கொண்டால் அடிக்கே வேலை இருக்காதே!

இனி, கணக்கைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் ஜாகெக்ஸ் கம்பெனியை முதலீட்டுக் கம்பெனிகள் விலைபேசி வாங்கின. விலை ஏறத்தாழத் தொண்ணூறு கோடிப் பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. கட்டடத்துக்கா அந்த விலை? நாற்காலிக்கா? மாதந்தோறும் சந்தா கட்டும் மக்கள் அந்த ஆட்டத்தை விட்டுப் போகாமல் இருக்கிறார்களே, அதற்குத்தான் விலை. அவர்கள் போகாமல் இருப்பதற்குக் கம்பெனி ஊழியர்களின் உழைப்பு காரணம், மறுக்கவில்லை. அந்தத் தொண்டர்களின் உழைப்பும் காரணம்; அதை மறுக்க முடியுமா? விற்பனைப் பத்திரத்திலே அந்த உழைப்புக்கு ஒரு வரி உண்டா?

"அவர்கள் ஆசைப்பட்டுச் செய்தார்கள், யார் செய்யச் சொன்னது?" என்பார்கள். ஆம், ஆசைப்பட்டுத்தான் செய்தார்கள். ஊர்க் குளத்தைத் தூர் வாருகிறவனும் ஆசைப்பட்டுத்தான் இறங்குகிறான். அதனால், தூர் வாரியவன் தண்ணீர் அள்ளக் கூடாது என்று குளத்தங்கரையிலே காவல் போடலாமா? அன்பினால் கொடுத்தது அன்பளிப்பு. அதை அடிமைச் சாசனமாகப் படிக்காதே!

நாம் கேட்பது பெரிதல்ல. ஒன்று, எது செய்யலாம், எது கூடாது என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு வேலி போடக் கூடாது. இரண்டு, மூடத்தான் வேண்டுமென்றால், காரணம் காட்டி, கால அவகாசம் கொடுத்து, செய்தவரை அழைத்துப் பேச வேண்டும். வழக்கறிஞர் ஓலை கடைசியாக வரட்டும், முதலில் வேண்டாம். மூன்று, தொண்டர் கண்டதைக் கம்பெனி தன் ஆட்டத்தில் எடுத்துக்கொண்டால், அவர் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் உழைப்புக்கு விலை பேச வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் பெருந்தன்மை அவருடையதாக இருக்கட்டும். கொடுக்காமலிருக்கும் சாமர்த்தியம் கம்பெனியுடையதாக இருக்க வேண்டாம்.

தொண்டர்களுக்கும் ஒரு சொல். சட்டப் புத்தகம் கம்பெனியின் பக்கம். உரிமம் அவர்கள் எழுதியது, ஆட்டம் அவர்களுடையது, ஒரு விசையைத் தட்டினால் வாசல் மூடும். உங்கள் பக்கம் இருப்பது ஒன்றே: உங்கள் உழைப்பை அனுபவித்த மக்கள். 2021இல் காப்பாற்றியது அவர்கள்தான். ஆனால், ஒவ்வொரு முறையும் மக்கள் கொதித்தெழுந்துதான் நியாயம் கிடைக்க வேண்டுமென்றால், அதற்குப் பெயர் நியாயமல்ல, தற்காலிகத் தப்புதல். கொதிப்பு அடங்கும், எழுத்து நிற்கும். ஆகவே எழுதி வாங்குங்கள். தனித்தனியே நின்று வேண்டிக்கொள்ளாமல், கூடி நின்று எழுதி வாங்குங்கள்.

நம் தொழிலாளத் தோழர்கள் இந்தக் கருவிகளைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். பரவாயில்லை. மேலதிகாரி சிரித்துக்கொண்டு கொடுத்த சலுகை, அவர் முகம் சுளித்த மறுநாளே பறிபோனதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? சலுகை என்பது கொடுத்தவன் கையிலிருக்கும் கயிறு. எப்போது வேண்டுமானாலும் இழுப்பான். உரிமை என்பது நம் கால் நிற்கும் தரை. கேம்பிரிட்ஜ் நகரத்துக் கம்பெனிக்கும், கணினி முன் அமர்ந்த அந்தத் தொண்டருக்கும் நடந்த வழக்கு நமக்கு அந்நியமல்ல. கயிறு வேண்டாம், தரை வேண்டும்!