கசப்பு நீரை வடித்தால்தான் நல்ல உப்பு

பழையதை மறந்துவிடுங்கள், நாளைய உங்களை மனக்கண்ணில் காணுங்கள். தொழில் மாறுகிறவர்களுக்குச் சுயமுன்னேற்ற நூல்கள் தவறாமல் சொல்லும் அறிவுரை இது. சென்னையிலோ டொரன்டோவிலோ இதைப் படிப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனையிறவில் நின்று படித்தால் முதல் சொல்லே இடறுகிறது. எதை மறப்பது?

1991இல் இங்கே பெரும் சமர் நடந்தது. 2000 ஏப்ரலில் படைத்தளம் விடுதலைப் புலிகளின் வசமானது. 2009 ஜனவரியில் இராணுவம் அதை மீண்டும் கைப்பற்றியது. 1991 சமரில் சிதைந்த கவச வாகனமொன்று ஏ9 வீதியோரத்தில் நினைவுச் சின்னமாக நிறுத்தப்பட்டிருக்கிறது. அதைக் கடந்து அன்றாடம் வேலைக்குப் போகும் ஒருவரிடம் மறந்துவிடு என்பது அறிவுரையாகாது.

அதற்காக அந்த அறிவுரையை அப்படியே தூக்கி எறியவும் நான் சொல்லவில்லை. அதைத் திருத்த வேண்டும் என்கிறேன். எப்படித் திருத்துவது என்பதை ஆனையிறவு உப்பளமே காட்டித் தருகிறது.

உப்பு நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் செறிவூட்டுகிறார்கள். முதலில் சுண்ணச் சத்தும் ஜிப்சமும் படிகின்றன. போமே அளவில் செறிவு 25ஐ எட்டும்போது உப்பு படியத் தொடங்குகிறது. அதன்பின் எஞ்சுவது மக்னீசிய உப்புகள் மிகுந்த கசப்பு நீர். அதை உரிய நேரத்தில் வடித்துவிட வேண்டும். தேக்கி வைத்தால் விளைந்த உப்பும் கசந்துவிடும். அதே நீரிலிருந்துதான் உப்பு வந்தது. ஆயினும் அந்த நீர் முழுவதையும் வைத்துக்கொள்ள முடியாது. கடந்த காலத்தைக் கைவிடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. கைவிடுதல் வேறு, மறத்தல் வேறு. எதை எடுப்பது, எதை வடிப்பது என்று பிரித்தறிவதே கைவிடுதல்.

இது வெறும் தத்துவமன்று. ஆனையிறவுக்கு வடக்கே முகமாலையிலும் வன்னியின் பிற பகுதிகளிலும் மிதிவெடி அகற்றும் பணியில் பல ஆண்டுகளாக உழைத்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஹலோ ட்ரஸ்ட் 2002 முதல் இலங்கையில் இப்பணியைச் செய்துவருகிறது. குடும்பத் தலைமையைத் தாங்கும் பெண்கள் பலர் இதில் உண்டு. மிதிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்க அப்போது கிடைத்த 10 ஆண்டுக் கெடு 2028 ஜூனில் முடிகிறது. தம் வேலையைச் சரியாகச் செய்யச் செய்யத் தம் வேலையையே இழக்கும் மனிதர்கள் இவர்கள். கடைசி வெடி அகற்றப்படும் நாள் நாட்டுக்குத் திருநாள். அவர்கள் வீட்டில் அன்று அடுப்பு எப்படி எரியும்?

அவர்கள் வடிக்க வேண்டியது ஒன்றே: இந்த வேலைதான் நான் என்னும் எண்ணம். எடுத்துக்கொள்ள வேண்டியவையோ பல. அங்குலம் அங்குலமாக நகரும் பொறுமை, வரைபடம் வாசித்தல், முதலுதவி, அணியை நடத்தும் ஆற்றல், பதிவேடு பேணும் ஒழுங்கு. இவை எந்தத் தொழிலிலும் விலைபோகும் சரக்கு.

பத்திரிகை அலுவலகங்களில் ஈய எழுத்து மறைந்து கணினி வந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். எழுத்துகளைத் தலைகீழாகவே வாசிக்கப் பழகிய அச்சுக் கோப்பாளர்களில், கை வேகமே தம் மதிப்பு என்று நம்பியவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பிழை காணும் கண்ணே தம் செல்வம் என்று உணர்ந்தவர்கள் மெய்ப்புப் பார்ப்பவர்களாகவும் பக்க வடிவமைப்பாளர்களாகவும் நிலைத்தார்கள். இருவருக்கும் கடந்த காலம் ஒன்றுதான். பிரித்தெடுத்ததில்தான் வேறுபாடு.

எதிர்காலத்தைக் காண்பதும் கண்ணை மூடிக் கனவு காண்பதன்று. எந்த ஊரில், எந்த மாதத்தில், என்ன வேலை, கூலி எவ்வளவு, பிள்ளையைப் பள்ளியில் விடுவது யார் என்று எண்ணிப் பார்ப்பதே காட்சி. வெறும் பாத்தியைப் பார்க்கும்போதே மாரிக்கு முன் எத்தனை அறுவடை என்று கணக்கிடுகிறான் உப்பளத் தொழிலாளி. அத்தகைய கணக்கு வேண்டும்.

ஆனால் தனிமனிதர் கணக்குப் போட்டால் போதாது. கதவும் திறக்க வேண்டும். போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு பெற்றார்கள். தச்சு, மேசன் வேலை, தையல் என்று பயிற்சியும் பெற்றார்கள். பயிற்சி முடிந்தாலும் சந்தேகக் கண் அவர்களைத் தொடர்ந்தது. 1990இல் போரால் முடங்கிய உப்பளத்துக்கும் இதே பாடம் உண்டு. 2025 மார்ச்சில் அங்கே மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மே மாதத்திலேயே தொழிலாளர்கள் தம் வேலை நிலைமைகள் குறித்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். புதிய வேலை என்பதாலேயே அது நல்ல வேலை ஆகிவிடாது.

ஆகவே என் கருத்து இது. மிதிவெடி அகற்றுவோருக்கான மறுபயிற்சி கடைசி வெடிக்குப் பின் தொடங்கக் கூடாது. சம்பளம் வந்துகொண்டிருக்கும் இப்போதே தொடங்க வேண்டும். நன்கொடை நாடுகளும் அரசும் அதற்கான பணத்தை இத்திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். வன்னியில் முதலிட விரும்பும் புலம்பெயர் தமிழர்கள், ஆள் எடுக்கும்போது இவர்களின் பெயர்களை முதலில் எழுத வேண்டும்.

நீங்கள் காலடி வைக்கும் நிலத்தை அவர்கள்தாம் உங்களுக்காகத் தடவிப் பார்த்தார்கள்.